அரிய பிரெஞ்சுக் குடும்பப்பெயரின் வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தேன் என்ற குடும்பப்பெயருடன் நூறு ஆண்டுகளில் பிரான்ஸில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பிறந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பற்றி யாராவது ஒரு வரி தப்பாக எழுதினாலும் பெரிய சேதமில்லை. திருத்துவதற்கு ஆட்கள் நிறைய. சில நூறு பேர் மட்டும் வைத்திருக்கும் பெயருக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் போகிற போக்கில் எழுதிய ஊகத்தை அடுத்தவர் நகலெடுப்பார், இன்னொருவர் அதைத் தன் வம்சாவளியில் ஏற்றுவார், பத்து வருடத்தில் அதுவே வரலாறு ஆகிவிடும். பிறகு அதைக் கழற்றுவது மிகவும் கஷ்டம்.

இன்றைய பிரெஞ்சைக் கொண்டு பொருள் பிரிப்பது

எல்லாவற்றையும் விட அதிகம் நடக்கும் தவறு இதுதான். போதலேர் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கவிஞர் சார்ல் போதலேரால் உலகத்துக்கே தெரிந்த பெயர், ஆனால் பிரான்ஸில் அதை வைத்திருக்கும் குடும்பங்கள் கொஞ்சம்தான். காதால் கேட்கும் பிரெஞ்சுக்காரருக்கு 'போ' என்றால் 'அழகான', 'லேர்' என்றால் 'காற்று' அல்லது 'தோற்றம்'. உடனே அழகோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை தயாராகிவிடும். பெயர் அகராதிகள் காட்டும் வேர் வேறு: பழைய பிரெஞ்சில் 'பத்லேர்' என்பது குட்டையான, அகன்ற, வளைந்த ஒரு வகை வாள். அதைச் செய்தவருக்கோ இடுப்பில் கட்டித் திரிந்தவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர் பரம்பரைப் பெயராகியிருக்கிறது. தன் பெயரின் முதல் பகுதியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து 'அழகான' என்று வருவதுபோல் எழுதுகிறவர்கள்மீது கவிஞருக்குக் கடும் எரிச்சல் இருந்தது. பொருள் பிரிக்கும் ஆசை அவர் காலத்திலேயே எழுத்துக்கூட்டலைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

புகைப்படக் கலையின் முன்னோடி லூயி தகேரின் பெயர் இன்னும் நல்ல உதாரணம். பிரெஞ்சில் 'கேர்' என்றால் போர். 'போரைச் சேர்ந்தவன்', 'போர்வீரர் பரம்பரை' என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்க்கலாம். உண்மையில் இது பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் பேசப்படும் பாஸ்க் மொழிப் பெயர். 'அகெர்' என்பது வீட்டுப் பெயர். மறைவில்லாமல் எல்லாப் பக்கமும் தெரியும்படி அமைந்த இடம் என்று பொருள். அதற்கு முன்னால் பிரெஞ்சின் 'த்' ஒட்டிக்கொண்டு 'அகெர் வீட்டைச் சேர்ந்தவர்' ஆயிற்று. பாஸ்க் நாட்டில் ஆளை அடையாளம் காட்டுவதே வீடுதான். மனைவி வீட்டோடு போய் வாழும் மாப்பிள்ளை அந்த வீட்டுப் பெயரால் அழைக்கப்படுவதும் அங்கே சகஜம். தகேர் பிறந்ததோ 1787-ல், பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள கொர்மெய்-ஆன்-பாரிசி என்ற ஊரில். பிறந்த ஊரை மட்டும் பார்த்தால் பாஸ்க் என்ற எண்ணமே வராது.

வடமேற்கு பிரான்ஸில் உள்ள பிரித்தானி பகுதிப் பெயர்களில் இந்தக் கண்ணி இன்னும் மோசம். 'ல பிரா' என்ற பெயரைப் பிரெஞ்சாக எடுத்தால் 'கை'. பிரெத்தோன் மொழியில் 'பிராஸ்' என்றால் பெரிய, பெருத்த. 'ல து' என்பது பிரெத்தோனில் கறுப்பன். இரும்படிக்கும் கொல்லர் வடக்கில் லெஃபேவ்ர், தெற்கில் ஃபாப்ர் அல்லது ஃபோர், பிரித்தானியில் ல கோஃப், அல்சாஸில் ஷ்மித். ஆகவே அகராதியைத் திறப்பதற்கு முன் பெயர் எந்தப் பகுதியில் வேர்விட்டது என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பகுதியில் அன்று என்ன மொழி பேசினார்கள் என்று பாருங்கள். அகராதி மூன்றாவதாக வரட்டும்.

இன்றைய எழுத்துக்கூட்டலையே ஆதி வடிவமாகக் கொள்வது

'எங்கள் பெயரில் கடைசியில் இரண்டு எழுத்து அதிகம், அதனால் அந்தக் குடும்பம் வேறு, நாங்கள் வேறு' என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி சொன்னதைக் காதால் கேட்டு எழுதிய பங்குச் சாமியாராக இருக்கலாம். மனிதர் மாறினால் எழுத்தும் மாறும். ஒரே தகப்பனின் நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பதிவில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல் இருப்பது பழைய பதிவேடுகளில் சாதாரணம்.

லெஃபேவ்ர் பெயரைக் கிட்டத்தில் பார்த்தால் இது நன்றாகப் புரியும். லத்தீனில் கொல்லருக்கு 'ஃபாபெர்'. அந்த நினைவில் படித்த எழுத்தர்கள் பெயரின் நடுவே ஒரு 'பி' எழுத்தைச் செருகினார்கள்; யாரும் அதை உச்சரிக்கவில்லை. அன்றைய கையெழுத்தில் 'யு'வுக்கும் 'வி'க்கும் வித்தியாசம் கிடையாது. பின்னால் வந்த ஒருவர் அந்த 'வி'யை 'யு' என்று படித்து, சும்மா நின்ற 'பி'யையும் சேர்த்து உச்சரிக்க, 'லெஃபேப்யூர்' என்று புதிதாக ஒரு பெயர் பிறந்தது. இன்றைக்கு இரண்டும் தனித்தனிக் குடும்பப்பெயர்கள்.

சட்டம் பெயரை மெதுவாகத்தான் கட்டிப்போட்டது. 1539-ல் முதலாம் பிரான்சுவா அரசரின் வில்லேர்-கொத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1667 முதல் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு பிரதியாக வைக்க வேண்டியதாயிற்று. புரட்சிக்குப் பிறகு 1792 செப்டம்பரில் பதிவு வேலை தேவாலயத்திலிருந்து நகராட்சிக்குப் போனது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் 1794-ல் வந்தது. எழுத்துக்கூட்டல் உண்மையிலேயே உறைந்தது 1877-ல் குடும்பக் கையேடு (திருமணத்தின்போது நகராட்சி தரும் பதிவுக் குறிப்பேடு) வந்த பிறகுதான். ஆகவே 18-ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுத்து மாறாமல் தேடினால் பாதி ஆட்களைத் தவறவிடுவீர்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அந்த ஒலியை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் தேடுங்கள். 1793-க்கும் 1805-க்கும் நடுவில் தேதிகள் புரட்சிக் காலண்டரில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரபலமானவர் பிறந்த ஊரையே பெயரின் ஊராக நினைப்பது

கவிஞர் போதலேர் 1821-ல் பாரிஸில் பிறந்தார். அதனால் அது பாரிஸ் பெயர் ஆகிவிடாது. அவருடைய அப்பா 1759-ல் பிறந்தது ஷாம்பாஞ் பகுதியில், மார்ன் மாவட்டத்தின் லா நெவில்-ஓ-பொன் என்ற சின்ன ஊரில். ஒரே ஒரு தலைமுறை பின்னால் போனாலே வரைபடத்தில் புள்ளி இடம் மாறிவிடுகிறது. பாரிஸ் எல்லா மாகாணங்களிலிருந்தும் ஆட்களை இழுத்த நகரம். அங்கே பெயர் அதிகமாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது.

பாரிஸ் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1871 மே மாதம், கொம்யூன் கிளர்ச்சியின் கடைசி நாட்களில், நகராட்சி மாளிகையும் நீதிமன்ற மாளிகையும் எரிந்தன. 1860-க்கு முந்தைய பதிவேடுகளின் ஒரு பிரதி முதலாவதில், மறுபிரதி இரண்டாவதில். இரண்டும் போய்விட்டன. பிறகு குடும்பங்களிடமும் தேவாலயங்களிடமும் இருந்த தாள்களைக் கொண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது. பாரிஸில் பதிவு கிடைக்கவில்லை என்பதால் 'அப்படி ஒரு ஆளே இல்லை' என்றோ, 'பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்' என்றோ எழுதிவிடாதீர்கள்.

எண்ணிக்கையைத் தப்பாகப் படிப்பது

பிரான்ஸின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே ஒரு பெயர்க் கோப்பை வெளியிட்டிருக்கிறது. பெரும்பாலான தளங்கள் காட்டும் வரைபடங்களுக்கு அதுதான் அடிப்படை. அது எண்ணுவது பிறப்புகளை. 1891 முதல் பிரான்ஸில் பிறந்தவர்களை. 'இந்தப் பெயரில் 240 பேர்' என்று பார்த்தால் இன்று 240 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள் கிடையாது. அதன் மூலமான ஆள் பதிவேடு 1940-களில்தான் உருவானது. அதனால் தொடக்க ஆண்டுகளில் பிறந்து, குழந்தையிலோ முதல் உலகப்போரிலோ இறந்தவர்கள் அதில் சரியாக வரவில்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களும் கணக்கில் இல்லை. மிக மிக அரிய பெயர்கள் தனியாக வராமல் 'மற்ற பெயர்கள்' என்ற ஒரே வரியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அட்டவணையில் இல்லை என்பதால் பெயரே இல்லை என்று ஆகாது.

எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றும் தனிப் பெயராக எண்ணப்படுவதால், மூன்று வடிவங்களில் சிதறிய குடும்பம் உண்மையை விட அரியதாகத் தெரியும். அப்புறம், பிரான்ஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரியவையே. 'அரிய பெயர், ஆகவே உயர்ந்த குடும்பம்' என்ற கணக்குக்கு இடமில்லை.

வேரைத் தேடுகிறவர் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு மிகப் பழைய காலப்பகுதியின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 1891–1915-ல் பெயர் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்பது, ரயிலும் தொழிற்சாலையும் எல்லாரையும் கலைத்த பிந்தைய காலத்தை விடத் தெளிவாகப் பேசும். கூடவே பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் முதல் உலகப்போரில் இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் அட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பிறந்த தேதியும் ஊரும் இருக்கும். அரிய பெயர் என்றால் நான்கைந்து அட்டைகள் வரும். அவற்றில் மூன்று ஒரே ஊரைச் சுற்றி இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். அந்த மாவட்ட ஆவணக்காப்பகத்தின் தளத்தில் பிறப்பு, திருமணம், இறப்புகளின் பத்தாண்டு அட்டவணைகளைத் திறந்தால் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும்.

பெயர் அழிந்துவிடும் என்று பதறுகிறவர்களும் உண்டு. நான்காம் உறவு நிலை வரையிலான முன்னோர் அல்லது பக்க உறவினரின் பெயர் அழியாமல் இருக்க அதை எடுத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று சிவில் சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. 2005 முதல் பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயரையும் வைக்கலாம்.

'த' இருந்தால் பிரபு வம்சம்

கிடையாது. 'த' என்பது 'இலிருந்து', 'உடைய' என்ற பொருள் தரும் ஒரு சாதாரண ஒட்டு. தெலாரூ என்றால் 'தெருவிலிருந்து வந்தவர்', துய்போன் என்றால் 'பாலத்தடியில் இருந்தவர்', அவ்வளவுதான். குடும்பச் சின்னம் என்று கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு விற்கும் கடைகளிடம் பணம் கொடுக்காதீர்கள். சின்னம் ஒரு வம்சத்துக்கு உரியது, பெயருக்கு உரியது இல்லை. 1696-ல் பதினான்காம் லூயி கஜானாவை நிரப்பக் காசு வாங்கிக்கொண்டு சின்னங்களைப் பதிய வைத்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் ஏறின. கடைக்காரர், வழக்கறிஞர் எல்லாரும் அதில் உண்டு. கேட்காதவர்களுக்கும் அதிகாரிகளே ஒன்றை ஒதுக்கினார்கள்.

பெயர் பிரெஞ்சு என்றால் இரத்தமும் பிரெஞ்சு என்று எண்ணுவது

ஒரே பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைக்கும். அதிகாரிகள் வைத்த பெயர்களும் ஏராளம். 1717-ல் பாரிஸில் சேன்-ஜான்-ல-ரோன் தேவாலயப் படியில் கிடந்த குழந்தைக்கு அந்தத் தேவாலயத்தின் பெயரையே வைத்தார்கள். பின்னாளில் தலாம்பேர் என்ற பெயரால் அறியப்பட்ட கணித மேதை அவர்தான். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் தீவுகளில் விடுதலையானவர்களுக்குப் பதிவு அதிகாரிகளே குடும்பப்பெயர் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பிரான்ஸில் வேர் தேடிப் பயனில்லை.

இங்கேதான் நம் பெயர்களும் வருகின்றன. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்தியத் தனிச்சட்டத்தை (திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான சொந்த வழக்கச் சட்டம்) துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை எடுத்த பெயர் லாபோர்த், அதாவது கதவு. பிரான்ஸில் லாபோர்த் என்பது பெரும்பாலும் ஊர்வாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவரின் பெயர். இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. குவாதலூப்பிலும் ரெயூனியனிலும் இன்று பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களாக இருக்கும் முத்துசாமி, ராமசாமி, வீரப்பிள்ளை போன்றவை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஆட்களின் சொந்தப் பெயர்கள். எழுத்தர் கேட்டபடி எழுத, அதுவே பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. குவாதலூப் இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை போராடிய ஆன்றி சிதம்பரத்தின் பெயரைப் பார்த்து, முன்னோர் ஊர் சிதம்பரம்தான் என்று முடிவுகட்டக் கூடாது. சிதம்பரம் என்பது ஆட்களுக்கும் வைக்கும் பெயர். 'பிள்ளை' என்பதைப் பிரெஞ்சுப் பதிவுகள் 'புல்லே' என்று ஒலிக்கும்படி எழுதின. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இந்தப் பெயர்களுக்கு இன்சே வரைபடம் போதாது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளின் படங்கள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்மைக் காலப் பதிவு வேண்டுமென்றால் நாந்து நகரில் 1965 முதல் இயங்கும் மையப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தீவுகளுக்குப் போனவர்கள் என்றால் முதலில் குடியேற்றப் பதிவேட்டைத் தேடுங்கள். ஆளின் பெயர், வயது, பெற்றோர், புறப்பட்ட ஊர், கப்பல் ஆகியவை பல நேரம் அதில் ஒரே வரியில் இருக்கும்.