சிங்கப்பூர் வீடுகளில் தொலைக்காட்சியையும் மின்னணுக் கருவிகளையும் மின்னெழுச்சியிலிருந்து காப்பது எப்படி

ஊரிலிருந்து வந்து சிங்கப்பூரில் குடும்பத்தோடு குடியேறுவோர், புதிய தொலைக்காட்சி வாங்கும் அன்றே ஸ்டெபிலைசரையும் சேர்த்து விசாரிப்பது வழக்கம். மாலையில் விளக்குகள் மங்கி, நள்ளிரவில் மின்விசிறி தறிகெட்டுச் சுழலும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை இயல்பானதுதான். ஆயினும் இங்கே அந்தச் செலவு பெரும்பாலும் வீண். சிங்கப்பூரில் தொலைக்காட்சிக்குப் பகையாவது, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் வந்து போய்விடும் மின்னெழுச்சி, அதாவது சர்ஜ். மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்துக்கும் இதற்கும் மருந்து வேறு வேறு என்பதால், எதற்காகப் பணம் செலவிடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்டெபிலைசர் தேவையா?

இங்குள்ள வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது 6 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யலாம். கணக்கிட்டால் ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. மின்கம்பிகள் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியில் செல்வதால், கம்பியில் மரக்கிளை விழுந்தது, காற்றில் கம்பிகள் உரசின என்ற பேச்சுக்கே இடமில்லை. தொலைக்காட்சியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் படித்துப் பார்த்தால், 100 முதல் 240 வோல்ட் என்றோ 220 முதல் 240 வோல்ட் என்றோ அச்சிட்டிருப்பார்கள். தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் சற்று இடம் விட்டே வடிவமைக்கிறார்கள். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பலகை, இந்த எல்லைக்குள் எந்த அழுத்தம் வந்தாலும் அதைத் தனக்குத் தேவையான அளவுக்கு மாற்றிக்கொள்கிறது. ஸ்டெபிலைசர் செய்யவிருக்கும் வேலையைத் தொலைக்காட்சியே செய்துகொள்கிறது என்று பொருள்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று வாங்கி வைத்தாலும், மின்னலால் வரும் எழுச்சியை அது தடுக்காது. ரிலேயால் இயங்கும் சாதாரண ஸ்டெபிலைசர் அழுத்த மாற்றத்தை உணர்ந்து செயல்படச் சில மில்லிநொடிகளாவது ஆகும். மின்னெழுச்சியோ மைக்ரோநொடிக் கணக்கில் உச்சத்தைத் தொட்டுத் தணிந்துவிடுகிறது. வீட்டின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியில், மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் எம்சிபி விசைகளுக்கும் இதே நிலைதான். அவை விழுவதற்குள் எழுச்சி தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, 120 வோல்ட் மட்டுமே ஏற்கும் கருவி இருந்தால், அதற்கு மின்மாற்றி தேவை. அதை ஸ்டெபிலைசரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எழுச்சி எந்த வழியாக வருகிறது

உலகில் இடி மின்னல் மிகுந்த இடங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் சராசரியாக 160க்கும் மேற்பட்ட நாள்களில் இங்கே இடி முழங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது உச்சத்தில் இருக்கும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டுவதும், சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று விடிவதற்கு முன்பே வந்து விழுவதும் நாம் அறிந்தவை. முதலாவது, வீட்டில் எவரும் இல்லாத நேரம். இரண்டாவது, எல்லாரும் உறங்கும் நேரம். பாதுகாப்பு ஏற்பாட்டை யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளின் கூரையில் இடிதாங்கி அமைப்பு இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். அது கட்டடத்தையும் அதில் இருப்போரையும் காப்பதற்கானது. மின்னல் அருகில் எங்கேனும் இறங்கினாலே போதும், அதன் காந்தப்புலம் சுற்றியுள்ள கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தைத் தூண்டிவிட முடியும். அந்த எழுச்சி மின்கம்பி வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. வசந்தம் உள்ளிட்ட உள்ளூர் ஒளிவழிகளைப் பார்ப்பதற்காகச் சுவரிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் ஆண்டெனா கம்பியும் உலோகம்தான். சொந்தமாகக் கூரை ஆண்டெனா வைத்திருக்கும் தரைவீட்டினர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இணையத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த இழை முடியும் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மின்சாரம் கொடுக்கும் அடாப்டர்களும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கு இழுத்திருக்கும் லேன் கம்பியும் செம்பால் ஆனவை. ஒரு பெட்டியில் புகுந்த எழுச்சி எச்டிஎம்ஐ கம்பி வழியாக அடுத்த பெட்டிக்குத் தாவுவதும் உண்டு. மின்வழங்கி நன்றாக இருக்க, எச்டிஎம்ஐ துளை மட்டும் செயலிழந்த தொலைக்காட்சிகளைப் பழுதுபார்ப்போர் இந்தப் பருவத்தில் காண்பது இதனால்தான்.

இவை தவிர வீட்டுக்குள்ளேயே பிறக்கும் சிறு எழுச்சிகளும் உள்ளன. குளிர்சாதனத்தின் கம்ப்ரெசர், சலவை இயந்திரத்தின் மோட்டார் போன்றவை நின்று இயங்கும்போது அவை தோன்றுகின்றன. ஒரே நாளில் எதையும் எரித்துவிடாவிட்டாலும், பாகங்களின் ஆயுளைச் சிறிது சிறிதாகக் குறைக்கக்கூடியவை.

காசில்லாத காப்பு

பிளக்கைக் கழற்றி வைப்பதைவிட நம்பகமான பாதுகாப்பு எதுவும் இல்லை. தொலையியக்கியால் அணைத்தால் தொலைக்காட்சி துண்டிக்கப்படுவதில்லை. சுவர் விசையை அணைப்பதும் முழுத் தீர்வாகாது: பல சாக்கெட் விசைகள் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன, நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும், விசைக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியும் வலுவான எழுச்சிக்குப் பெரிய தடையன்று. ஆகவே பிளக்கை வெளியே எடுக்க வேண்டும். அதோடு ஆண்டெனா கம்பியையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு ஆண்டெனாவை அப்படியே விடுவது பலரும் செய்யும் அரைகுறை வேலை.

இதை இடி தொலைவில் கேட்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் மின்னிக்கொண்டிருக்கும்போது பிளக்கைத் தொடுவது தொலைக்காட்சியைக் காப்பதற்காக நம்மை ஆபத்தில் நிறுத்துவதாகும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் மழை, மின்னல் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஊருக்குச் செல்பவர்கள் இதை மறக்கவே கூடாது, ஏனெனில் பண்டிகை வருவது சரியாக இடி மிகுந்த மாதங்களில்தான். குளிர்பதனப் பெட்டியைத் தவிர மற்ற அனைத்தின் பிளக்கையும் எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

எழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன்

பிற்பகல் இடிக்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பதால், கழற்றும் பழக்கத்தை மட்டும் நம்ப முடியாது. எழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் இங்கேதான் பயன்படுகிறது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் ஒன்றல்ல; பெரும்பாலானவை வெறும் சாக்கெட் வரிசைகள். தடுப்பு உள்ளவற்றின் உள்ளே வேரிஸ்டர் என்ற வட்டமான சிறு பாகம் இருக்கும். இயல்பான அழுத்தத்தில் அது மின்சாரத்தை விடாது. அழுத்தம் வரம்பைத் தாண்டியதும் மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் வழிவிட்டு, மிகையானதைத் திருப்பிவிடுகிறது.

பெட்டியின் பின்புறத்தைத் திருப்பி இரண்டு எண்களைத் தேட வேண்டும். முதலாவது, யூ-பி என்று குறிக்கப்படும் காப்பு அளவு, அதாவது தடுப்பைக் கடந்து கருவியை எட்டும் அழுத்தம். வீட்டு மின்கருவிகள் பொதுவாக 2.5 கிலோவோல்ட் வரையிலான எழுச்சியைத் தாங்கும்படி வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே யூ-பி 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழ் இருப்பது நல்லது. இரண்டாவது, எவ்வளவு ஆற்றலை அல்லது மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது. ஜூல் கணக்கிலோ ஆம்பியர் கணக்கிலோ கொடுத்திருப்பார்கள், கூடுதலாக இருந்தால் ஆயுள் கூடும். இந்த எண்கள் எதுவும் இல்லாமல் ‘சர்ஜ் புரொடெக்டட்’ என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதை அங்கேயே விட்டுவிடலாம். சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ பாதுகாப்புக் குறியீடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுப் பிளக்கோடு வாங்கி, அதை மாற்றுப் பிளக்கில் செருகினால், பல நேரங்களில் எர்த் இணைப்பு அறுந்துவிடும். எர்த் இல்லாத தடுப்பு பாதித் தடுப்பே.

வேரிஸ்டர் ஒவ்வொரு எழுச்சியிலும் கொஞ்சம் தேய்கிறது. எனவே தடுப்பு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் சிறு விளக்கு உள்ளதையே வாங்க வேண்டும். அந்த விளக்கு அணைந்தபின் சாக்கெட்டில் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும், காப்பு மட்டும் போயிருக்கும். தொலைக்காட்சிப் பேழைக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் எக்ஸ்டென்ஷனை ஒளித்து வைப்பது இதனாலேயே தவறு. அதில் தொலைக்காட்சி, ஒலிப்பெட்டி, விளையாட்டுக் கருவி, ரௌட்டர் ஆகியவற்றைச் செருகலாம். 13 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 3,000 வாட். கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் அதே வரிசையில் சேர்த்தால் கம்பி சூடாகும். ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகவே கூடாது. ஆண்டெனா கம்பியும் உள்ளே சென்று வெளியே வரும் துளைகள் கொண்ட வகை கிடைத்தால், அதையே தேர்ந்தெடுப்பேன்.

டிபி பெட்டியில் செய்யக்கூடியது

வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், டிபி பெட்டியிலேயே டைப் 2 வகை எழுச்சித் தடுப்பானைப் பொருத்தச் சொல்லலாம். தரைவீடுகளுக்கு இதை வலியுறுத்துவேன். அடுக்குமாடி வீடுகளுக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது. குளிர்சாதனம், சலவை இயந்திரம் போல எக்ஸ்டென்ஷனில் செருக முடியாதவற்றுக்கும் இதனால் காப்பு கிடைக்கும். உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் இதைச் செய்ய வேண்டும். நாமே திறந்து பார்க்கும் வேலையன்று. ஆனால் அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: தடுப்பானுக்குச் செல்லும் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். மின்னல் வேகத்தில் மின்னோட்டம் ஏறும்போது ஒவ்வொரு மீட்டர் கம்பியும் சுமார் 1 கிலோவோல்ட்டைக் கூட்டிவிடக்கூடும்; நீளக் கம்பியில் கட்டிய நல்ல தடுப்பான் பலனற்றுப் போகும். டைப் 2 இருந்தாலும் தொலைக்காட்சிக்கு அருகே எக்ஸ்டென்ஷன் தடுப்பு இருப்பது நல்லதே. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

டிபி பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி விசை இதற்கெல்லாம் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் அது இல்லாததால், 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் எல்லா வீடுகளிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தபோது, தொலைக்காட்சிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் எண்ணினர். ஆர்சிசிபி உயிரைக் காப்பது: 30 மில்லிஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே துண்டித்துவிடும். மின்னெழுச்சியை அது தடுக்காது. மாறாக, இடியின்போது அதுவே சில வேளைகளில் விழுந்துவிடும். பூட்டிய வீட்டில் குளிர்பதனப் பெட்டி நின்றுபோவது அப்படித்தான்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது

2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல வட்டாரங்களில் மின்சாரம் நின்று, சுமார் 38 நிமிடங்களுக்குப் பின் திரும்பியது. அத்தகைய தடை இங்கே அபூர்வம். அப்படி நேர்ந்தால் மின்னணுக் கருவிகளின் பிளக்குகளை எடுத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். மின்சாரம் வந்து சில நிமிடங்கள் நிலைத்தபின், ஒவ்வொன்றாகச் செருகலாம்.

விளக்கு ஒரு கணம் மங்கி மீள்வதும், ரௌட்டர் தானாகத் தொடங்குவதும் அதைவிடச் சற்று அடிக்கடி நிகழ்பவை. தொலைவில் எங்கோ ஒரு நிலத்தடிக் கம்பி சேதமடைந்தாலும் ஒரு நொடிக்கும் குறைவான அழுத்தச் சரிவு பல வட்டாரங்களில் தெரியும். இதற்குத் தொலைக்காட்சி அஞ்சத் தேவையில்லை. மேசைக் கணினிக்கும், தரவுகளைச் சேமிக்கும் வன்தட்டுப் பெட்டிக்கும் மட்டும், மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் மின்கலத்திலிருந்து கொடுக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்வது பயனுள்ளது.

அஞ்ச வேண்டிய நிலை ஒன்று உண்டு. சில விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால், அல்லது மின்விசிறி திடீரென்று வேகமெடுத்தால், நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம். அப்போது அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறக்கூடும். அது நீடிக்கும் என்பதால் எக்ஸ்டென்ஷனின் வேரிஸ்டரும் சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. உடனே டிபி பெட்டியின் முதன்மை விசையை அணைத்துவிட்டு, வீடுகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் எஸ்பி குழுமத்தை அழைக்க வேண்டும். அதன் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை டிபி பெட்டியின் மூடியில் இன்றே ஒட்டி வைக்கலாம்.

சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னலால் வரும் சேதத்தைக் கருவியின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. வீவக வீடுகளுக்கான தீக் காப்பீடு வீட்டின் கட்டமைப்புக்கானது. உள்ளே நாம் வாங்கி வைத்த பொருள்கள் அதில் அடங்கா. தனியாக வீட்டுப் பொருள் காப்பீடு எடுத்திருந்தால், மின்னல் சேதமும் மின்னெழுச்சிச் சேதமும் அதில் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்த்து, தொலைக்காட்சியின் ரசீதையும் வரிசை எண்ணையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.