லெக் பீஸிலிருந்து தொடங்குங்கள்: பொடிசுகளுக்கு உடல் உறுப்புகளின் இங்கிலீஷ் பெயர்கள்

திருப்பூரில் சாயங்காலம் வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப்பேரின் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். முதல் வருடம் சுவரில் படம் ஒட்டி, குச்சியால் காட்டி "நோஸ், மவுத்" என்று கத்தவிட்டேன். நன்றாகத்தான் கத்தினார்கள். "உன் நோஸ் எங்கே கண்ணு?" என்று ஒருவனைக் கேட்டால், எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டான். அன்றைக்கே படத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது செய்வது இப்படி.

படி 1: தெரிந்ததைக் கேளுங்கள்

பிரியாணியில் எந்த பீஸ் பிடிக்கும் என்று கேளுங்கள். "லெக் பீஸ்!" என்று கூரை அதிரும். லெக் வந்துவிட்டதா? ஹேண்ட்வாஷ், ஃபுட்பால், நெயில் பாலிஷ், ஹேர் ஆயில் எல்லாம் வீட்டில் புழங்குகிற சொற்கள்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரவுண்ட் நெக் பனியனை விளக்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு சொல் போதும்.

படி 2: சொல்ல வேண்டாம், தொடட்டும்

"டச் யுவர் நெக்" என்று சொல்லி உங்கள் கழுத்தைத் தொடுங்கள். பார்த்துச் செய்வார்கள். இரண்டு நாள் கழித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். அப்புறம் வேண்டுமென்றே "நெக்" என்று சொல்லி மூக்கைத் தொடுங்கள். ஏமாறாத குழந்தைக்குச் சொல் புரிந்துவிட்டது. இந்த முறைக்கு டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்தது. தாய்மொழியையே குழந்தை பல மாதம் கேட்டு, கேட்டபடி செய்த பிறகுதானே பேசுகிறது? அதனால் வாய் திறக்காத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

தமிழில் "கழுத்தைத் தொடு" என்றாலே போதும். இங்கிலீஷில் 'யுவர்' இல்லாமல் நிற்காது. அதை விழுங்கிவிடாதீர்கள்.

படி 3: துணி கட்டுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தோளிலிருந்து விரல் நுனிவரை நமக்கு எல்லாமே கை. இங்கிலீஷில் மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். கணுக்காலுக்குக் கீழே ஃபுட், மேலே லெக். 'ஹேண்ட் என்றால் கை' என்று எழுதிப்போட்டால், தோளருகே ஊசி போட்ட இடத்தைக் காட்டி "ஹேண்ட் வலிக்குதுங்க மிஸ்" என்பார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை.

பனியன் வேஸ்ட் துணியை நாடாவாக வெட்டி மணிக்கட்டிலும் கணுக்காலிலும் லேசாகக் கட்டுங்கள், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. "ஆர்ம்" என்றால் துணிக்கு மேலே தடவ வேண்டும். "ஹேண்ட்" என்றால் தட்ட வேண்டும். "ஃபுட்" என்றால் தரையில் மிதிக்க வேண்டும். (ஃபுட்டைக் குறிலாகச் சொல்லுங்கள். நீட்டினால் சாப்பாடு ஆகிவிடும்.) விரலிலும் இதே சிக்கல் உண்டு. கையில் இருந்தால் ஃபிங்கர், காலில் இருந்தால் டோ. கையின் கட்டைவிரல் தம்ப், காலுடையது பிக் டோ.

படி 4: அவர்களே மிஸ்

ஒரு பிள்ளை கட்டளையிடட்டும், நீங்கள் செய்யுங்கள். என்னைக் குனியவைத்து முழங்காலைத் தொடச் செய்வதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'ஐ' என்றால் கண் என்று சொன்ன நாளில் ஒரு வாண்டு கேட்டது: "அப்ப எங்க அம்முச்சி என்னைய ஐ-ன்னுதானுங்க மிஸ் கூப்புடுது?" நம் பக்கம் 'கண்ணு' என்று கூப்பிடாத அம்முச்சி ஏது!

படி 5: எழுத்து கடைசியில்

இங்கிலீஷ் 'நீ' (knee) என்ற சொல்லில் முன்னால் ஒரு கே, தம்ப்பின் கடைசியில் ஒரு பி, இரண்டும் ஊமை. நீயில் வரும் கே-யை முற்காலத்தில் உச்சரித்தார்கள், பேச்சு மாறியும் எழுத்து மாறவில்லை. நம் 'நீ' வேறு, இந்த 'நீ' முழங்கால் என்று மறக்காமல் சொல்லுங்கள். ஒரு ஃபுட், இரண்டு ஃபீட். ஒரு டூத், நிறைய டீத். இதற்குப் படமே வேண்டாம். விழுந்த பல்லின் இடைவெளியைக் காட்ட ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கா பஞ்சம்?