ஆராதனைக்கு ஆள் குறைகிறதா? ஊர்க் கணக்கைப் பாருங்கள்

கிறிஸ்தவ சபையில் ஆள் சேர்க்க எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தல் போடும் முன், உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலையும் சபைக் குடும்பப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயதுவாரியாக எண்ணிப் பாருங்கள். பட்டியல் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டு எண், வயது எல்லாம் இருக்கும்.

ஊரிலேயே முப்பது வயதுக்காரர்கள் குறைவு என்றால், பிள்ளைகள் பிழைப்புக்குச் சென்னை, கோவை, வளைகுடா என்று போய்விட்டார்கள். உபதேசியாரை (சபை ஊழியரை) குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வாலிபர் கூட்டத்தைவிட, முதியவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுப்பதும், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஊர் திரும்புகிறவர்களைப் பிடிப்பதும்தான் வேலை. ஊரில் இளவட்டம் நிறைய, கோயிலில் மட்டும் இல்லை என்றால் கோளாறு நம்மிடம். பெரும்பாலும் ஆராதனை நேரமோ, கமிட்டிச் சண்டையோதான்.

வெளியூர் போனவர்கள் சிலர் ஓட்டை இங்கேயே வைத்திருக்கலாம். ஊர் விவரம் தெரிந்த ஒரு பெரியம்மாவை வைத்துப் பெயர்களைச் சரிபாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்தால் திருநெல்வேலி மாவட்ட மொத்தம் உதவாது, அதில் இன்றைய தென்காசியும் சேர்ந்திருக்கிறது. கிராமவாரியான கணக்கைப் பாருங்கள். பாளையங்கோட்டை போல பல தெருக்களிலிருந்து ஆள் வரும் நகரச் சபைகளுக்கு இந்த வழி சரிப்படாது.