எனக்குச் சேராத 35 சதவீதம்

போன ஐப்பசி மழையில், கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தது. பானெட் நசுங்கி, முன் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டுத்தான் சரிசெய்தோம்.

இந்த வருஷ ரென்யூவல் நோட்டீஸில் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் வாங்காததற்குத் தரும் கழிவு, 35 சதவீதம்! போன பாலிசியில் 25. க்ளெய்ம் வாங்கியாச்சு, இது பூஜ்யமாகியிருக்கணும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,200 ரூபாய். அதில் 2,870 கழிவு, ஜிஎஸ்டி தனி. அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி தொகையில் இந்தக் கழிவே கிடையாது.

ஏஜென்ட் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, தானா வந்ததை ஏன் கிளறுறீங்க?" என்றார். சபலம் எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ரென்யூவல் படிவத்தில் 'க்ளெய்ம் வாங்கவில்லை' என்று நான்தான் உறுதி சொல்லணும். அது தப்பென்றால், நாளைக்கு பர்லியார் பக்கம் கொண்டை ஊசி வளைவில் இடித்துக்கொண்டு நிற்கும்போது, சொந்த சேதத்துக்கு ஒரு பைசா தரமாட்டோம் என்று கம்பெனி கைவிரிக்கலாம்.

கஸ்டமர் கேரில் இருபது நிமிஷம் பாட்டுதான் கேட்டேன். பிறகு க்ளெய்ம் எண், பழைய பாலிசி நகலோடு ஈமெயில் போட்டேன்: "திருத்திய தொகை வந்த பிறகே பணம் கட்டுவேன்." பாலிசி முடிய 12 நாள் இருந்தது நல்லதாய்ப் போச்சு. மூன்றாம் நாள் புது நோட்டீஸ் வந்தது, போனஸ் 0. கட்டினேன். அந்த ஈமெயிலை பிரின்ட் எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.