ஐந்தாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு: ஆசிரியர்கள் சறுக்கும் இடங்கள்

பாடத்தை 1492-இல் கொலம்பஸோடு தொடங்காதீர்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருநிலத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மிசிசிப்பி ஆற்றின் அருகே, இன்றைய செயின்ட் லூயிஸுக்கு எதிர்ப்புறத்தில், கஹோக்கியா என்ற பெருநகரம் இருந்தது. அங்குள்ள பெரிய மண்மேடு சுமார் 30 மீட்டர் உயரம். அந்தப் படத்தைக் காட்டி, கூடை கூடையாக மண் சுமந்து இதைக் கட்டியது யார் என்று கேட்டுத் தொடங்குங்கள். ஆளில்லாத நாட்டில் ஐரோப்பியர் வந்து குடியேறினார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராது.

ஆங்கிலேயர் குடியேறிய பிளிமத் ஊரைப் பற்றிச் சொல்லும்போது, பூர்வகுடியினரோடு அவர்கள் உண்ட 1621 அறுவடை விருந்தோடு நிறுத்திவிடுகிறோம். அட்டையில் இறகுக் கிரீடம் செய்து மாட்டுவதை விட்டுவிட்டு, டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதரின் கதையைச் சொல்லுங்கள். குடியேறியவர்களுக்குச் சோளம் பயிரிடக் கற்றுத்தந்த அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும்? 1614-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் அவரைக் கடத்தி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். லண்டன் வழியாக 1619-இல் அவர் திரும்பியபோது, கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. பிளிமத் எழுந்தது அந்த ஊர் இருந்த இடத்தில்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும், மறைக்க வேண்டாம்.

உண்மையைச் சொல்வது வேறு, நடித்துக் காட்டுவது வேறு. அடிமை ஏலத்தை வகுப்பில் நடிக்க வைக்கவே கூடாது. கறுப்பினப் பிள்ளை ஒன்று தோழர்கள் முன் விலை பேசப்படுவது கொடுமை. அதற்குப் பதில், தப்பியோடியவர்களைப் பிடித்துத்தரச் சொல்லி அக்காலச் செய்தித்தாள்களில் வந்த விளம்பரம் ஒன்றைப் படிக்கக் கொடுங்கள். தப்பியோடியவரின் பெயர், உடுத்தியிருந்த சட்டை, தெரிந்த தொழில் எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் ஒரு மனிதரைச் சந்திப்பார்கள்.

படத்தை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மீது நடத்திய துப்பாக்கிச்சூட்டைப் பற்றி, அவ்வூர் வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர் வெளியிட்ட படத்தைப் பாருங்கள். சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள், கேப்டன் பின்னால் நின்று வாளை உயர்த்துகிறார், எதிரே நிராயுதபாணிகளான ஜனங்கள். அந்தக் கேப்டனான பிரெஸ்டனின் வாக்குமூலத்திலோ அவர் சிப்பாய்களுக்கு முன்னால் நிற்கிறார், கூட்டம் தடிகளோடும் பனிக்கட்டிகளோடும் பாய்கிறது. அன்று தரையெல்லாம் பனி. படத்தில் பனியே இல்லை. இரண்டையும் மேசையில் வைத்து, யார் எதை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள் என்று விவாதிக்க விடுங்கள். வழக்கு விசாரணைக்குப் பல மாதங்கள் முன்பே அந்தப் படம் விற்பனைக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். ஒரு வகுப்பு நேரம் முழுக்க இதற்கே போகட்டும். தேநீர் வரிப் பாடம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.