குறிச்சொல் மேகம் தேவையா?

கோத்தகிரியில் தைலம், தேயிலைத்தூள், வர்க்கி விற்கும் அத்தை மகனின் இணையதளத்தைப் போன வாரம் சரிசெய்து கொடுத்தேன். பக்க ஓரத்தில் ஒரு குறிச்சொல் மேகம் (tag cloud), அதாவது சரக்குகளுக்கு இட்ட குறிச்சொற்களின் கூட்டம். இந்த ஊரில் மேகத்துக்கா பஞ்சம்!

2004-இல் வந்த ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளம் பரப்பிய பழக்கம் இது. அதிகம் பயன்படும் சொல்லுக்குப் பெரிய எழுத்து. தமிழில் இது தடுக்கிவிடும். ‘யூகலிப்டஸ் தைலம்’ நீளத்தாலேயே கண்ணை இழுக்கிறது. ‘தேன்’ அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தும் எடுபடவில்லை. அப்புறம், ‘டீத்தூள்’, ‘தேயிலை’, ‘தேயிலைத்தூள்’ என ஒரே சரக்குக்கு மூன்று குறிச்சொற்கள். எண்ணிக்கை மூன்றாகச் சிதறி, முக்கியச் சரக்கே பொடி எழுத்தில் கிடந்தது.

முதலில் ஒரு சரக்குக்கு ஒரே சொல் என்று முடிவு செய்தோம். பிறகு மேகத்தை எடுத்துவிட்டு, ஏழு சொற்களை அகரவரிசையில், ஒரே அளவில் வைத்தேன். பக்கத்திலேயே எண்ணிக்கை, ‘தேயிலைத்தூள் (14)’ என்று. தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல் நெறிமுறை (WCAG) 2.2. நான் 44 வைத்தேன். டிசம்பர் காலையில் விறைத்த விரலுக்கு 24 எங்கே போதும்?

சும்மா மேய்ந்து பார்க்கிற புகைப்படத் தொகுப்பு என்றால் சரி, மேகம் இருக்கட்டும்.