பலாலியில் ஏறினால் எத்தனை மணித்தியாலம்? கணக்குப் பார்க்கும் முறை

சென்னைக்குப் பறக்க எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பென்சிலும் போனும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதல் வேலை, இரண்டு விமான நிலையங்களின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எடுப்பது. கூகிள் மப்ஸில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும், எண்களும் வரும். நகரத்தின் பெயரைத் தட்டினால் நகர நடுவைத்தான் காட்டும். அது நமக்கு வேண்டாம். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. சென்னை மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு.

நெட்டாங்குகளைப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சென்னை நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. பழகுவதற்கு இதைவிட வசதியான சோடி கிடைக்காது, அகலாங்கை மட்டும் கழித்தால் போதும்: 12.99 – 9.79 = 3.20 பாகை. ஒரு பாகை அகலாங்குக்குச் சுமார் 111 கிலோமீற்றர். பெருக்கினால் 355. ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் தூரம் இதைவிடக் கூட!

அடுத்தது நேரம். 2019 நவம்பரில் பலாலி – சென்னை சேவை தொடங்கியபோது வந்தது ஏடிஆர் 72. விசிறி வைத்த சிறிய விமானம், மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் ஓடும். 355 ÷ 500 = 0.71. புதிதாகச் செய்பவர்கள் இதை 71 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். 60ஆல் பெருக்க வேண்டும், 43 நிமிடம்தான் வரும். அதோடு ஒரு 30 நிமிடம் சேருங்கள். ரிக்கெற்றில் போடும் நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதில் இருந்து மற்றப் பக்கம் போய் நிற்கும் வரைக்கும். தரையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும் வரை சுற்றுவது எல்லாம் அந்த 30க்குள் அடங்கும். மொத்தம் ஒன்றேகால் மணித்தியாலம்.

நகரங்கள் சாய்வாக இருந்தால் கழித்தல் உதவாது. நெட்டாங்குப் பாகை வடக்கே போகப் போகச் சுருங்கும். தோக்கியோப் பக்கம் ஒரு பாகை 90 கிலோமீற்றர்தான். அதற்கெல்லாம் மப்ஸில் தூரம் அளக்கும் வசதியைப் பாவியுங்கள். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு சுமார் 2,750 கிலோமீற்றர் காட்டும். ஜெட் விமானத்துக்கு 850ஆல் பிரியுங்கள்: 3 மணி 14 நிமிடம், கூட 30. மூன்றேமுக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் குழம்புவார்கள். இரவு 1 மணிக்கு ஏறி காலை 7.30க்கு இறங்குவதாக ரிக்கெற்றில் இருந்தால் ஆறரை மணித்தியாலப் பயணம் என்று நினைக்க வேண்டாம். ரிக்கெற்றில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அதைக் கழித்தால் நாலு. சென்னைக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

காற்றையும் மறக்கக் கூடாது. தோக்கியோ மாதிரி வடகிழக்கு நகரங்களுக்குப் போகும்போது மேற்கில் இருந்து வீசும் உயரக் காற்று பின்னால் இருந்து முன்னே தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மாரிகாலத்தில் இது இன்னும் கடுமை. ஆகவே போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு போடுங்கள்.